அஞ்சு பேர் சேர்ந்தால் திறக்கும்

ஏ.எல். பரீட்சைக்குக்கூட மேனுகா அவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டாள். அந்த ஐந்து கேள்விகளைத் தமிழில் எழுத அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. வெள்ளவத்தை பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் சனியும் போய் ஞாயிறும் போனது. 'உங்கள் பணியில் நீங்கள் ஈடுபாட்டுடன் உள்ளீர்களா?' என்று எழுதினாள், வாசித்துப் பார்த்தாள், இது என்ன கோயில் நோட்டீஸோ என்று தலையில் அடித்துக்கொண்டு அழித்தாள். கடைசியில், 'காலையில் வேலைக்கு வர உங்களுக்கு மனம் வருகிறதா?' என்று வந்து நின்றது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல கேள்வி. இங்கிலீஷில் இருந்ததைவிட நல்ல கேள்வி. அப்படிக் கேட்டால் எந்த மனுசரும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

கொம்பனியின் பெயர் எதற்கு? பெயரைச் சொன்னால் லோயரின் கடிதம் வரும். ஷாம்பு, சவர்க்காரம், குழந்தைப் பவுடர் என்று வெளிநாட்டுச் சாமான்களை இறக்கிக் கடைகளுக்கு அனுப்புகிற கொம்பனி, அவ்வளவுதான். கந்தோர் வெள்ளவத்தையில், காலி வீதியைப் பார்த்தபடி ஏசி போட்ட மாடி. சாமான் வந்து இறங்கி, பொதியாகி, லொறி ஏறுகிற ஸ்டோர் கொட்டாஞ்சேனையில். அங்கே என்ன நடக்கிறது என்று கந்தோரில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் அதுவரை வந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் மேலிடத்துக்கு ஒரு ஞானம் பிறந்தது. வேலை செய்கிறவர்களின் மனதை அளக்க வேண்டுமாம். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் எல்லாருடைய போனுக்கும் ஐந்து கேள்வி வரும். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே வரிசையாக முகங்கள், அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரைக்கும். ஏதாவது ஒன்றை அமத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒரு பெட்டி இருக்கும், விரும்பியவர் விரும்பியதை எழுதலாம். பெயர் கேட்காது. இதற்கு 'பல்ஸ்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நாடி பிடித்துப் பார்க்கிறார்களாம், பெரிய வைத்தியர்கள்!

மேனுகா எச்.ஆர். பகுதியில் எக்செக்கியூட்டிவ். கேட்கப் பெரிய உத்தியோகம் மாதிரி இருக்கும். உண்மையில் லீவுக் கணக்கும் பிறந்தநாள் கேக்கும் அவள் பொறுப்பு. பல்ஸ் அவள் கைக்கு வந்தபோது அதில் இங்கிலீஷும் சிங்களமும் மட்டும் இருந்தன. அவளுக்குச் சுருக்கென்றது. எழும்பி நேரே மேலாளர் பர்ஹாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஏன் தமிழ் இல்லை? கொட்டாஞ்சேனையில எங்கட ஆக்கள் இருக்கினம் தானே?"

பர்ஹா கெட்ட மனுசி இல்லை. வீட்டில் தமிழ்தான் பேசுவாள், படித்தது முழுக்க இங்கிலீஷில். சிரித்துவிட்டாள்.

"தமிழ்ல யாரு மேனுகா நிரப்பப் போற? என்ட மகன் வாட்ஸப்ல தமிழை இங்கிலீஷ் எழுத்துல தான் எழுதுற. சரி, ஆசைப்படுறீங்க, ஒரு தரம் போட்டுப் பாப்போம். பாவிக்க ஆள் இல்லாட்டி எடுத்துருவோம், சரியா?"

"சரி மேடம்," என்றாள் மேனுகா. அன்று முழுக்க அவளுக்குக் கால்கள் நிலத்தில் படவில்லை.

கொட்டாஞ்சேனைக்கும் அவளே போனாள். தேத்தண்ணி நேரத்தில் ஸ்டோரில் இருந்த தமிழாட்களைக் கூப்பிட்டு, போனைப் பிடித்துக் காட்டி, எங்கே அமத்துவது, எங்கே எழுதுவது என்று விளங்கப்படுத்தினாள். எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றுகொண்டு கேட்டார்கள். அவளும் நின்றுகொண்டுதான் சொன்னாள். அந்தப் பெரிய மண்டபத்தில் குந்துவதற்கு ஒரு ஸ்டூல்கூட இல்லை என்பது அவள் கண்ணில் படவில்லை. படித்த கண் எதைப் பார்த்தது என்று கேட்காதீர்கள்.

பொதி கட்டுகிற மேசைகளில் எல்லாரிலும் மூத்தவள் கொன்ஸ்ரன்ஸ். கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து, அங்கேயே கலியாணம் முடித்து, கோயில் மணி கேட்கிற தூரத்தில் ஒரு அறையில் குடியிருக்கிறவள். புருஷன் பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அந்த வீட்டுக்கு வருகிற சம்பளம் அவளுடையது ஒன்றுதான். அது ஸ்டோரில் எல்லாருக்கும் தெரியும். இங்கிலீஷோ சிங்களமோ அவளுக்கு வாசிக்கத் தெரியாது, சிங்களம் பேசுவாள். அவள்தான் கேட்டாள்.

"மிஸ், யாரு எழுதினதுன்னு தெரியாதா?"

"ஒருத்தருக்கும் தெரியாது அக்கா. எனக்கே தெரியாது. ஒரு இடத்தில ஒரு பாஷையில அஞ்சு பேருக்குக் குறைவா நிரப்பினா, சிஸ்டம் அதைப் பூட்டிப்போடும். ஆரும் திறந்து பாக்கேலாது. நீங்கள் பயப்பிடாம உள்ளதை எழுதுங்கோ."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த நேரத்தில் மேனுகா பொய் சொல்லவில்லை. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

கிழமை முடிய இன்னும் ஒரு நாள் இருக்கும்போது அவள் கணினியைத் திறந்து பார்த்தாள். கொட்டாஞ்சேனையில் சிங்களம் நிரம்பி வழிந்தது. இங்கிலீஷும் பரவாயில்லை. தமிழுக்கு நேரே சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டு. பக்கத்தில் 'ஒருவர்' என்று மட்டும் இருந்தது. ஒரேயொரு ஆள்! அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரிப் போய்விட்டது. பர்ஹாவின் சிரிப்பு காதுக்குள் கேட்டது. உடனே ஸ்டோரில் கணக்கு வேலை பார்க்கிற ராகுலனுக்குப் போன் எடுத்தாள். யாழ்ப்பாணத்துப் பொடியன், அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"ராகுலன், என்னடா இது? ஒருத்தரும் தமிழில நிரப்பேல்லை?"

"நான் இன்னும் ஒண்டிலயும் நிரப்பேல்லை அக்கா. பின்னேரம் இங்கிலீஷில அமத்திவிடுவம் எண்டு இருக்கிறன். முஸ்லிம் பொடியளெல்லாம் சிங்களத்தில அமத்திப்போட்டாங்கள். தமிழை அமத்தினா ஆளைப் பிடிக்கிறது லேசெல்லோ?"

"விசர்க்கதை கதைக்காதை. பேர் வராது எண்டு எத்தனை தரம் சொன்னனான்? அஞ்சு பேர் சேந்தாத்தான் கணக்கில வரும். இல்லாட்டி நாளைக்குத் தமிழைத் தூக்கிப்போடுவினம். நீ அமத்து, ஹம்சிகாவைக் கேள், இன்னும் ரெண்டு பேரைப் பிடி. ஒண்டும் எழுதத் தேவையில்லை, சும்மா முகத்தை அமத்தினாக் காணும். எனக்காக."

ராகுலன் கொஞ்சம் யோசித்தான். "சரி அக்கா, உங்களுக்காக," என்றான்.

அந்தப் பொடியனுக்கு இருந்த புத்தி அவளுக்கு இருக்கவில்லை. இருந்திருந்தாலும் அது அந்த நேரம் வேலை செய்திருக்காது. தமிழ் தோற்றுப்போகக்கூடாது என்ற ஒரே பிடிதான் அவளுக்கு. அந்தப் பூட்டு எதற்காகப் போட்டிருக்கிறது என்று கொன்ஸ்ரன்ஸுக்கு விளங்கப்படுத்தின அதே வாயால்தான் அதைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

மற்ற நாள் மத்தியானம் பூட்டுத் திறந்தது. தமிழ், கொட்டாஞ்சேனை, ஐந்து பேர். மேனுகா மேசைக்கு அடியில் கைதட்டினாள். பிறகு கீழே இறக்கிப் பார்த்தாள். நாலு பேர் நடுமுகத்தை அமத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் மட்டும் பெட்டியில் எழுதியிருந்தார்.

'மிஸ் சொன்னதால எழுதுறேன். வேலைக்கு வர மனம் வருது. கால் தான் வரமாட்டேங்குது. ஹியூபேட் சேர் ஸ்டூல் எல்லாத்தையும் எடுத்துட்டார். உக்காந்தா கை மெதுவாப் போகுதாம். காலைல வந்ததுல இருந்து லைட் போடுற வரைக்கும் நிக்கிறோம். வீட்டுக்குப் போனா கால் வீங்கி செருப்பக் கழட்ட ஏலாது. போன மாசம் ஒரு பிள்ள மயங்கி விழுந்திச்சு, தண்ணி தெளிச்சு திரும்ப நிக்க வச்சாங்க. நாங்க சம்பளம் கூட்டிக் கேக்கல. ஸ்டூல மட்டும் திருப்பிக் குடுங்க.'

கொன்ஸ்ரன்ஸின் குரலையே கேட்ட மாதிரி இருந்தது மேனுகாவுக்கு. அப்போதுதான் அந்த மண்டபம் அவள் நினைவில் ஒழுங்காக வந்தது. மேசைகள் இருந்தன, ஆட்கள் இருந்தார்கள், ஸ்டூல் ஒன்றும் இல்லை. வெட்கமாயிருந்தது. கொஞ்சம் சந்தோசமாகவும் இருந்தது, அதை மறைப்பானேன்? தமிழில் கேட்டபடியால்தானே இந்த உண்மை வந்தது!

பர்ஹா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டு முடியும்போது கண் கலங்கிவிட்டது.

"யா அல்லாஹ், இது என்ன அநியாயம்? இதுக்குத்தானே இந்தப் பல்ஸே. இங்கிலீஷ்ல போட்டுத் தாங்க, திங்கக்கிழமை மீட்டிங்ல காட்டுறேன்."

மேனுகா கவனமாகத்தான் மொழிபெயர்த்தாள். 'மிஸ் சொன்னதால' என்பதை விட்டுவிட்டாள். மயங்கி விழுந்த பிள்ளையையும் விட்டுவிட்டாள், ஆள் தெரிந்துவிடும் என்று. ஸ்டூலை மட்டும் வைத்துக்கொண்டாள். பெரிய கெட்டித்தனம் என்று நினைத்தாள்.

ஹியூபேட் கொட்டாஞ்சேனை ஸ்டோருக்கு மனேஜர். நல்ல உடுப்பு, நல்ல சென்ட், மூன்று பாஷையும் கலந்து சிரித்துச் சிரித்துக் கதைப்பார். நத்தார்ப் பண்டிகைக்குத் தன் காசில் எல்லாருக்கும் கேக் கொடுப்பார். திங்கட்கிழமை திரையில் 'தமிழ், கொட்டாஞ்சேனை' என்ற தலைப்போடு அந்த வரிகள் வந்ததும் நெஞ்சில் கையை வைத்தார். இப்படி ஒரு கஷ்டம் இருப்பது தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்றார். உடனே கவனிப்பேன் என்று எல்லாருக்கும் முன்னால் வாக்குக் கொடுத்தார். மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். மேனுகா வீட்டுக்குப் போகிற வழியில் சைவக்கடையில் சுடச்சுட உளுந்து வடை வாங்கிக்கொண்டு போனாள்.

மற்ற நாள் காலையில் ராகுலன் போன் எடுத்தான். குரல் சரியில்லை.

"அக்கா, தமிழாக்களை மட்டும் ஒவ்வொருத்தரா அறைக்குக் கூப்பிட்டவர். தேத்தண்ணி, பிஸ்கட் எல்லாம் வச்சு. நல்ல யோசனை சொன்ன ஆளுக்கு நன்றி சொல்லோணுமாம்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"என்னத்தைச் சொல்லுறது? நான் ஒண்டும் எழுதேல்லை, மேனுகா அக்கா கேட்டதால முகத்தை மட்டும் அமத்தினனான் எண்டன். ஹம்சிகாவும் அதைத்தான் சொன்னவள். மற்ற ரெண்டு பேரும் அப்பிடித்தான். மிச்ச ஆக்கள் இங்கிலீஷில, சிங்களத்தில அமத்தினதைப் போனில காட்டிப்போட்டினம். ஒருத்தரும் ஒருத்தற்ற பேரும் சொல்லேல்லை அக்கா, சத்தியமா."

"கொன்ஸ்ரன்ஸ் அக்காவை?"

"அவவைக் கூப்பிடேல்லை."

கூப்பிடத் தேவையில்லையே! எல்லாரும் தங்கள் தங்கள் கையைக் கழுவிக்கொண்ட பிறகு மிஞ்சி நின்றது ஒருத்தி. மற்ற நாலு பேரும் நிரப்பாமல் இருந்திருந்தால் பூட்டுத் திறந்திராது, கொன்ஸ்ரன்ஸின் பிழைப்புத் தப்பியிருக்கும். அந்த நாலு பேரைத் தேடிப் பிடித்தது மேனுகா.

அன்று மத்தியானமே ஹியூபேட்டின் அறையிலிருந்து ஒரு கதிரை வந்தது. மெத்தை வைத்த, கைபிடி வைத்த நல்ல கதிரை. இரண்டு பேர் தூக்கிவந்து மண்டபத்தின் தலைப்பக்கத்தில், எல்லா மேசைகளையும் பார்த்தபடி வைத்தார்கள். ஹியூபேட் தானே வந்து கொன்ஸ்ரன்ஸைக் கையைக் காட்டி அழைத்தார்.

"கொன்ஸ்ரன்ஸ் அக்கே, புட்டுவக் ஓனே கிவ்வா நே?"

கதிரை வேணும் என்று சொன்னீங்கள் தானே என்று சிங்களத்தில் மரியாதையாகத்தான் கேட்டார். இந்தா கதிரை, இருங்கள் என்றார். அவள் மேசையடிக்குத் திரும்பப் போகப் பார்த்தபோது, "வேலை வேணாம் அக்கே, உங்களுக்குக் கால் ஏலாது தானே, இருங்க," என்றார். அவ்வளவுதான். அன்றைக்கும் அதற்கடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் அவளுக்கு வேலை கொடுக்கப்படவில்லை. காலையில் வந்து விரலை வைத்துப் பதிந்துவிட்டு அந்தக் கதிரையில் இருக்க வேண்டும், பின்னேரம் எழும்பிப் போக வேண்டும். சம்பளம் உண்டு. மற்றவர்களுக்கு ஸ்டூல் வரவில்லை. அவர்கள் நின்றுகொண்டு பொதி கட்ட, அவர்களுக்கு முன்னால் அவள் ஒருத்தி ராணி மாதிரி இருக்க வேண்டும். இப்படி ஒரு தண்டனையைக் கண்டுபிடிக்க எப்படிப்பட்ட மூளை வேண்டும், சொல்லுங்கள்!

மேனுகா ஓடினாள். கொட்டாஞ்சேனைக்குப் போய் அதைக் கண்ணால் பார்த்தாள். கொன்ஸ்ரன்ஸ் முதுகைச் சாய்க்காமல், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள். பொதி கட்டிப் பழகிய கைகள் சும்மா இருக்க முடியாமல் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தன. மேனுகா பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அக்கா, ராஜினாமா மட்டும் எழுதிப்போடாதேங்கோ. ஹியூபேட் அதைத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறார்."

"எழுத மாட்டேன் மிஸ். வீட்டுல அவருக்கு மருந்துக்கு யாரு இருக்கா? உக்காரத்தானே சொல்றாங்க, உக்காருவேன்." கொன்ஸ்ரன்ஸ் தலையைத் தூக்கவில்லை. "மிஸ், அது எப்படித் தெரிஞ்சிச்சு? பூட்டு இருக்குன்னு சொன்னீங்களே?"

தெரியேல்லை அக்கா என்றாள் மேனுகா. அந்தப் பொய்யை அவள் வாழ்நாள் முழுக்க மறக்க மாட்டாள்.

ஹியூபேட்டிடம் போனாள். அவர் கதிரையை இழுத்துப்போட்டு அவளை இருக்கச் சொன்னார். "என்ன மிஸ் மேனுகா, நீங்கதானே வேலையாட்களின் கருத்தை மதிக்கச் சொன்னீங்க? மதிச்சிட்டேன்," என்று சிரித்தார். கொன்ஸ்ரன்ஸ் கதிரையில் இருப்பதைப் போட்டோவும் எடுத்து வைத்திருந்தார், கந்தோருக்கு அனுப்ப.

பர்ஹாவிடம் போனாள். கதவைச் சாத்திவிட்டு, பூட்டுத் திறந்த கதையை ஒன்றும் விடாமல் சொன்னாள். பர்ஹா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"மேனுகா, இதுல நான் என்னத்த எழுதுற? கதிரை குடுத்தது குத்தமா? சம்பளம் போகுது, ஏசவும் இல்ல. கடதாசில பார்த்தா அவர் நல்லவர். நீங்க ஆள் பிடிச்சு அஞ்சு பேர் சேத்தீங்க எண்டு நான் மேல சொன்னா, முதல்ல போறது உங்கட வேலை. ரெண்டாவது இந்தப் பல்ஸ். மூணாவது நானாவும் இருக்கலாம். சொல்லட்டா? நீங்க சொல்லுங்க, சொல்லுறேன்."

சொல்லுங்கோ மேடம் என்று ஒரு வார்த்தை. அது மேனுகாவின் தொண்டை வரைக்கும் வந்தது. வேலை இல்லாமல் வெள்ளவத்தை பிளாட்டுக்குத் திரும்பிப்போய் அம்மாவின் முகத்தைப் பார்ப்பதை நினைத்தாள். இன்னொரு கந்தோரில் போய், ஏன் முந்தின வேலையை விட்டீர்கள் என்ற கேள்விக்கு முன்னால் இருப்பதை நினைத்தாள். பயம், வேறொன்றும் இல்லை. மண்ணாங்கட்டிப் பயம். "வேண்டாம் மேடம்," என்றாள்.

கொன்ஸ்ரன்ஸ் பிடிவாதக்காரி. நாள் போகப் போக அவள் கதிரையில் இருந்துகொண்டு மெதுவாகச் செபமாலை சொல்லத் தொடங்கினாள். ஹியூபேட் அதைக் கண்டும் காணாத மாதிரி விட்டார். ஆளுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. ஒரு கை குறைந்துவிட்டது, ஆனால் லொறி நேரத்துக்குப் போக வேண்டும், ஆகையால் அவளுடைய பங்குப் பொதிகளை மற்றவர்கள் பிரித்துக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம் என்றார். அதோடு சரி. முதலில் பெருமூச்சு விட்டார்கள். பிறகு முணுமுணுத்தார்கள். பிறகு அவள் காதில் விழும்படியாகவே சொன்னார்கள், இருந்து சாப்பிடுகிறவளுக்கு என்ன, நின்று சாகிறது நாங்கள்தானே என்று. மத்தியானத்தில் அவளோடு ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிற ஷிம்னா வேறு மூலைக்குப் போனாள். மயங்கி விழுந்தாளே ஒரு பிள்ளை, கொன்ஸ்ரன்ஸ் யாருக்காகச் சேர்த்து எழுதினாளோ அந்தப் பிள்ளை, அவளைக் கடந்து போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டது. தனிமையை அவள் தாங்கியிருப்பாள். அவர்கள் வெறுத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அதற்குள் அடுத்த பல்ஸ் வந்து போனது. கொட்டாஞ்சேனையில் ஒரு ஆள் விடாமல் நிரப்பியிருந்தார்கள். காலையில் வேலைக்கு வர மனம் வருகிறதா? சிரித்த முகம். வேலைக்குத் தேவையான வசதிகள் இருக்கின்றனவா? சிரித்த முகம். உங்கள் கருத்துக்கு மதிப்புக் கிடைக்கிறதா? சிரித்த முகம், சிரித்த முகம், சிரித்த முகம். பெட்டிக்குள் ஒரு எழுத்தும் இல்லை. கொம்பனியிலேயே ஆகக் கூடிய புள்ளி கொட்டாஞ்சேனைக்கு. தமிழில் நிரப்பியவர் ஒருவரும் இல்லை, ஆகவே தமிழை எடுத்துவிட்டார்கள். மேனுகா அதற்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

கொன்ஸ்ரன்ஸின் ராஜினாமாக் கடிதம் ராகுலன் கையால் எழுதப்பட்டு வந்தது. விலகிப் போகிறவர்களுக்கும் ஒரு கேள்விக்கொத்து இருக்கிறது, அதை நிரப்பினால்தான் வேலை செய்ததற்குச் சான்றான சேவிஸ் லெட்டர் அச்சாகும். சேவிஸ் லெட்டர் இல்லாவிட்டால் வேறெங்கும் வேலை கேட்க முடியாது. ஆகவே கொன்ஸ்ரன்ஸ் வெள்ளவத்தைக்கு வர வேண்டியதாயிற்று. பூசைக்குப் போகிற சாரியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். எச்.ஆர். பகுதியின் சின்ன அறையில் மேனுகாவும் அவளும் மட்டும் இருந்தார்கள்.

"அக்கா," என்றாள் மேனுகா. இத்தனை நாளாக நெஞ்சுக்குள் இருந்ததைக் கொட்டிவிட வேண்டும் என்றுதான் தொடங்கினாள். "அந்தப் பூட்டு நான் திறந்ததுதான். நாலு பேரைப் பிடிச்சு அமத்த வச்சது நான்தான். என்னாலதான் உங்கட வேலை போனது."

கொன்ஸ்ரன்ஸ் திட்டுவாள், அழுவாள், எழும்பிப் போவாள் என்று மேனுகா எதிர்பார்த்தாள்.

"தெரியும் மிஸ். ராகுலன் தம்பி சொல்லிச்சு." அவள் சாரித் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "யாரும் கேக்காத வரைக்கும் நான் நின்னுக்கிட்டுத்தானே இருந்தேன். கால் வலிக்கும், ஆனா வேலை இருந்திச்சு. நீங்க வந்து அன்பாக் கேட்டீங்க. ஏமாந்துட்டேன். சரி, அந்த போனைக் குடுங்க மிஸ், எங்க அமத்தணும்?"

மேனுகா டப்லெட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தாள். கேள்விகள் இங்கிலீஷில் இருந்தன. ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல வாயெடுத்தாள். வாசிக்க வேண்டாம் என்று கொன்ஸ்ரன்ஸ் கையைக் காட்டினாள். ஒரு கேள்விக்கும் நிற்கவில்லை. விரலை நேராகக் கொண்டுபோய்ச் சிரிக்கிற முகத்தை அமத்தினாள், அமத்தினாள், அமத்தினாள். கடைசிக்கு வந்ததும் மட்டும் விரல் நின்றது.

"இது என்னா கேக்குது?"

"உங்கட சொந்தக்காரர், தெரிஞ்ச ஆக்களுக்கு இஞ்ச வேலை செய்யச் சொல்லுவீங்களோ எண்டு கேக்குது, அக்கா."

கொன்ஸ்ரன்ஸ் அந்த முகங்களைப் பார்த்தபடி இருந்தாள். பிறகு சிரிக்கிற முகத்தின் மேல் விரலை வைத்து, மற்றதையெல்லாம் அமத்தினதை விட அழுத்தி அமத்தினாள்.

"இது மட்டும் உண்மையா அமத்துறேன் மிஸ்," என்றாள். எழும்பிக் கதவைத் திறந்தாள். வெளியே இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் ஒரு பைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். தாயின் அதே முகம்.

"என் மகள் மிஸ். என் மேசை இப்ப சும்மாத்தானே கிடக்கு. வீட்டுக்கு ஒரு சம்பளம் வந்தாகணும், இல்லாட்டி அவரு மருந்து நின்னுடும். இவள எடுத்துக்கச் சொல்லி ஹியூபேட் சேர்கிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். இவ ஒண்ணும் எழுத மாட்டா. யாரு எப்படிக் கேட்டாலும் வாயத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்."

மறுக்க மேனுகாவுக்கு என்ன முகம் இருக்கிறது? எழும்பி, பக்கத்திலிருந்த கதிரையை இழுத்துப்போட்டாள்.

"வாங்கோ தங்கச்சி, இதில இருங்கோ."

அந்தப் பெண் கதிரையைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். தாய் மெல்லத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"பரவாயில்ல மிஸ்," என்றாள் மகள், பைலை நீட்டியபடி. "எனக்கு எவ்வளவு நேரம்னாலும் நிக்க ஏலும்."